எங்கள் வீட்டில் புகையே இல்லை

தாலுகா ஆபீசுக்கு எதிரில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கட்டு வெள்ளைத்தாள். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று என்று வருபவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. பத்தொன்பது வருஷமாக அடுத்தவர் குறையை எழுதி எழுதி எனக்கு ஒரு குணம் ஒட்டிக்கொண்டுவிட்டது. எது நடந்தாலும் இதற்கு யார் பொறுப்பு என்றுதான் முதலில் தேடுவேன். ஆள் கிடைத்துவிட்டால் லேசில் விடமாட்டேன். எங்கள் தெருவில் குழாய்ச் சண்டை மூண்டால் எதிர்க்கட்சிக்காரர்கள் முதலில் நான் ஊரில் இருக்கிறேனா என்று விசாரிப்பார்களாம். என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார்.

அவர் என் தாய்மாமன் மகன். பாவாடை கட்டின வயசிலிருந்து பாவா என்று கூப்பிட்டுப் பழகியவள், கல்யாணத்துக்குப் பிறகும் அதையே வைத்துக்கொண்டேன். நாலு பேர் முன்னால் நீங்க, வீட்டுக்குள் நீ. ஊருக்கு மேற்கே ஒரு கல் கிரஷரில் இருபத்திரண்டு வருஷம் மெஷின் பார்த்தார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம், காதுமடல், கண்ணிமை எல்லாம் வெள்ளையாக இருக்கும். மாவு மில்லில் வேலையா கிரஷரில் வேலையா என்று கேலி பண்ணுவேன். அந்த வெள்ளை உள்ளேயும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பீடியும் உண்டு, மறைப்பதற்கில்லை.

நோய்க்கு டாக்டர் சிஓபிடி என்று பெயர் சொன்னார். நுரையீரலுக்குள் இருக்கும் சின்னச் சின்னக் குழாய்கள் சுருங்கி, காற்றுப்பைகள் பழுதாகிவிடும் நோய். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். போன குளிர்காலத்தில் இரண்டு தடவை மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டாம் தடவை வீட்டுக்கு அனுப்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: இப்படி இன்னொரு தடவை வந்தால், அப்புறம் வீட்டிலும் ஆக்சிஜன் மெஷினோடுதான் இருக்க வேண்டியிருக்கும், அதற்கு மேலும் நேரலாம். நான் வெளியே வந்தபோது பாவா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவு வழியாக எல்லாமே கேட்டிருக்கிறது. மூக்கில் குழாயோடு கட்டிலில் கிடக்க மாட்டேன், தெருமுனை வரைக்கும் நடந்துபோய் டீ குடிக்கிற ஆளாகத்தான் இருப்பேன் என்றார். சரி, அடுத்த மார்கழியும் தையும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் கழிக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு பண்ணிக்கொண்டேன். அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

ஐப்பசியில் மறுபடி காட்டப் போனபோது டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். விறகடுப்பு? கிடையாது. கொசுவத்தி? போன வருஷமே தூக்கிப் போட்டுவிட்டுக் கொசுவலை கட்டியாகிவிட்டது. பீடி? விட்டு நாலு வருஷம். வேறு ஏதாவது புகை?

"எங்க வீட்ல பொகையே இல்லீங்க" என்றேன்.

பெருமையாகத்தான் சொன்னேன். பக்கத்தில் பாவா தன் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் வேலையைத் தொடங்கினேன். ஜன்னல் இடுக்கு, கதவிடுக்கு எல்லாவற்றிலும் பழைய வேட்டியைக் கிழித்துத் திணித்தேன். கண்ணாடிக் கதவுகளை நிரந்தரமாகச் சாத்தினேன். வாசல் நிலையில் ஈரப் போர்வையைத் தொங்கவிட்டேன். துடைப்பத்தைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டு ஈரத்துணியால் தரையைத் துடைத்தேன். தாளிப்பதைக்கூடக் குறைத்து, மிளகாய் கிள்ளிப் போடுவதை நிறுத்தினேன். வெளியே கிளம்பினால் கெட்டியான முகக்கவசம் இல்லாமல் பாவா வாசல் தாண்டக் கூடாது. ஜெயிலில்கூட ஜன்னல் திறந்திருக்கும் என்று அவர் முனகினார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எதிர்வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். அரசு மருத்துவமனையில் வேலை. நாலைந்து தலைமுறையாகச் சர்ச்சுக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெள்ளைப் புடவையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வருவாள். விரலில் மாட்டினால் ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று காட்டும் சின்ன மெஷினை அவள்தான் வாங்கி வந்து கொடுத்தாள். காலை, நாலு மணி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஏழு மணி, மூன்று வேளையும் எண்ணைப் பார்த்துக் குறித்துவைக்கச் சொன்னாள். நான் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதிவைத்தேன். மூச்சு விடுவதையும் அவள்தான் பாவாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். பூவை மோந்து பார்க்கிற மாதிரி மூக்கால் இழுக்க வேண்டும், உதட்டைக் குவித்து, விளக்குச் சுடர் சாயும், ஆனால் அணையாது என்கிற அளவுக்கு மெதுவாக ஊத வேண்டும்.

அவர் அப்படி ஊதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். முப்பது வருஷம் ஒரே பாயில் படுத்த மனுஷன், அவருடைய மூச்சை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கழுத்தெலும்புக்கு மேலே குழி விழும். விலா ஒவ்வொன்றும் தனித்தனியாக மேலேறும். உள்ளே பழுதாகிப்போன இடங்களையெல்லாம் தாண்டி, எங்கே கொஞ்சம் இடம் மிச்சமிருக்கிறதோ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டு, அந்தக் காற்று திரும்பி வரும். மறுபடி போகும். யாரும் சொல்லாமல், கூலி கேட்காமல், தூங்கும்போதும் விடாமல் இது நடக்கிறதே என்று நினைத்தால் எனக்கு மயிர்க்கூச்செறியும். என் மூச்சும் அப்படித்தானே நடக்கிறது, ஒருநாள்கூட நான் அதை நினைக்கவில்லையே என்று வெட்கமாகவும் இருக்கும்.

ஐந்தரைக்குக் கடையை மூடிவிட்டு ஆறு மணிக்குள் வீடு வந்து கைகால் கழுவுவேன். பாவாவின் கட்டில் கிடக்கும் முன்னறையிலிருந்து பார்த்தால் முருகன் மலை தெரியும். மேலே கோயிலில் விளக்குப் போட்டதும் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு மலையைப் பார்த்துக் கற்பூரம் காட்டுவார்கள். நானும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காட்டுகிறேன். பாவாவுக்கு உடம்புக்கு வந்தபிறகு ஒரு வில்லை மூன்று வில்லை ஆயிற்று. கூடவே கப் சாம்பிராணியும் சேர்ந்துகொண்டது. சாத்திய கண்ணாடி வழியாக மலையைப் பார்த்துத் தட்டைச் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு, முருகா, இந்த மனுஷன் மூச்சை நிறுத்திவிடாதே என்று வேண்டுவேன். கற்பூரம் தானாக அணையும் வரைக்கும் கண் திறக்கமாட்டேன்.

கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளில் எண் இறங்க ஆரம்பித்தது. காலையில் தொண்ணூற்று நாலு இருக்கும். நாலு மணிக்கு அவரே மாட்டிப் பார்த்துத் தொண்ணூற்று மூன்று என்று எழுதிவைத்திருப்பார். ஏழு மணிக்கு நான் மாட்டினால் எண்பத்தொன்பது. சில நாள் எண்பத்தெட்டு. இருமல் ஆரம்பித்துச் சாப்பாடு ஆறிப்போகும். அதற்குப் பிறகு மெல்ல ஏறும். மார்கழிக்கு முன்னாலேயே இப்படி என்றால் மார்கழியில் என்ன ஆகும்?

யாரோ சாயங்காலத்தில் எதையோ கொளுத்துகிறார்கள் என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்துவிட்டது. ஆளைத்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்ததும் படியேறி மலைக்குப் போனேன். சாமி கும்பிட்டுவிட்டு மதிலோரம் வந்து கீழே பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஊரைக் காணோம். ஊர் இருந்த இடத்தில் சாம்பல் வெள்ளையாக ஒரு படலம் பரவிக் கிடந்தது. நாலைந்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளும் தென்னந்தலைகளும்தான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அரக்கோணம் போகும் ரயில் ஒரு பக்கம் அதற்குள் நுழைந்து, வெகுநேரம் சத்தம் மட்டும் கேட்டு, மறுபக்கம் வெளியே வந்தது. கிழக்கே திருவாலங்காட்டுப் பக்கம் கரும்புக் கொல்லைகளில் சோகை, அதாவது வெட்டியபின் கிடக்கும் காய்ந்த தோகை, எரிந்த புகை தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அங்கே எரிகிறதும் இங்கே எரிகிறதும் ஒரே போர்வையாகத்தான் கிடந்தது, தையல்கூடத் தெரியவில்லை. என் வீடும் அதற்குள்தான். பாவா அதற்குள் உட்கார்ந்து பூவை மோந்து, விளக்கை ஊதிக்கொண்டிருக்கிறார். அவ்வளவு பெரிய காற்று. இதை எந்த ஆபீசில் கொண்டுபோய்க் கொடுப்பது? கை தானாகக் குவிந்தது. கூப்பியது சாமிக்கா அதற்கா என்று இன்றைக்கும் தெரியாது.

ஆனால் என் குணம் என்னைவிட்டு எங்கே போகும்? கொஞ்ச நேரத்தில் போனை எடுத்து, எங்கெங்கே புகை கிளம்புகிறது என்று படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அன்றைக்கே மூன்று மனு எழுதினேன். குப்பையைக் கூட்டிக் கொளுத்துகிறவர்கள் மீது ஒன்று. சோகை கொளுத்துகிற கரும்புக்காரர் மீது ஒன்று. தெருமுனை டீக்கடையின் விறகடுப்பு மீது ஒன்று. மனுதாரர் என்ற இடத்தில் என் பெயரை நானே எழுதியது அதுதான் முதல் தடவை. கையெழுத்து முத்து முத்தாக வந்தது. அதோடு விடாமல் நேரிலும் போனேன். டீக்கடைக்காரரை நாலு பேர் முன்னால் நிறுத்தி, சுவரில் ஆள் உயரத்துக்குப் படிந்திருந்த கரியைப் போனில் படமெடுத்து, இந்தக் கரிதான் என் வீட்டுக்காரர் நெஞ்சிலும் இருக்கிறது என்று சத்தம் போட்டேன். பாவா தினமும் டீ குடித்த கடை அது. அந்த மனுஷன் தம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தார். கரும்புக்காரரிடம் கொல்லை வரைக்கும் ஆட்டோ வைத்துக்கொண்டு போய்ச் சண்டை போட்டேன். சோகையைக் கொளுத்தாமல், வெட்டின அடிக்கட்டை மறுபடி துளிர்க்க மறுகட்டை எப்படிம்மா விடுவது என்று அவர் கேட்டதற்கு, மனுஷனைக் கொளுத்தி விடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய்க்கு வந்தபடி பேசினேன், ஒத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து பாவாவிடம் அதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. பாவம் அவன் என்ன செய்வான், விடு என்றார். நீ சும்மா இரு பாவா, உனக்காகத்தான் அலைகிறேன் என்றேன். அப்புறம் மலையில் விளக்கு எரிந்தது. நான் எழுந்து போய்த் தட்டை எடுத்தேன்.

மார்கழி பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது புயல்மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் வானம் வெளுக்கவே இல்லை. ஆபீஸ் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாததால் நானும் கடை திறக்கவில்லை. டீக்கடை மூடிக்கிடந்தது. கொல்லைகளில் தண்ணீர் நின்றது. இரண்டாம் நாள் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் நர்ஸ் குடையோடு வந்தாள். பாவாவின் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தாள். காலண்டர் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பினாள். நான் டீ போட்டுக் கொண்டுவந்தேன்.

"அக்கா, நேத்து நாள் பூரா மழதானே?"

"ஆங், விடாம பெஞ்சிதே."

"ஊர்ல ஒரு எடத்துலயும் நெருப்பு எரிஞ்சிருக்காது. நேத்து சாய்ந்தரமும் எம்பத்தொம்போதுன்னு எழுதி வச்சிகிறீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அந்தத் தாளை மேலே இருக்கும்படி வைத்துவிட்டு, டீயைத் தொடாமல், குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். இவளுக்கு என்ன அவசரம் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு மணிக்குத் தொண்ணூற்று மூன்று. ஏழு மணிக்கு எண்பத்தொன்பது. வெளியே மழை. ஜன்னலில் துணி, கதவில் போர்வை, ஓர் ஈ நுழைய வழியில்லை. வெளியேயிருந்து வர வழியில்லை என்றால் உள்ளேயே இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு மனு எழுதும்போது நான் கேட்கிற கேள்வியை எனக்கே கேட்டுக்கொண்டேன்: அந்த நேரத்தில் அங்கே என்ன நடந்தது, யார் இருந்தார்கள்? அடுப்பு எரியவில்லை, சோறு மதியமே ஆக்கியது. கொசுவத்தி இல்லை. அண்ணாந்து பார்த்தேன்.

ஜன்னலோரத்தில் இருக்கும் சாமி மாடத்துக்கு நேர் மேலே, கூரைச் சுண்ணாம்பில், ஒரு முறத்தளவுக்குக் கறுப்பாகப் படிந்திருந்தது. நடுவில் மையைப் போல அடர்த்தி, ஓரத்தில் பழுப்பு. போனை எடுத்து டீக்கடைச் சுவரின் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை.

அப்போதும் என் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. கற்பூரம் எப்படிப் புகையாகும்? அது சாமிக்குக் காட்டுவது. கிரஷர் தூசு, பீடி, விறகு, குப்பை, இதெல்லாம் புகை. டாக்டர் கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை. சத்தியமாக அது என் கணக்கில் சேரவே இல்லை. வெளிப்புகைக்குப் பயந்து ஒரு இடுக்கு விடாமல் அடைத்துவிட்டு, அடைத்த வீட்டுக்குள் தினமும் மூன்று வில்லையும் சாம்பிராணியும் நானே ஏற்றியிருக்கிறேன், அதுவும் அவர் மூச்சுக்காக.

இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்குள் மங்கலாக, மலையில் விளக்குகள் எரிந்தன. பழக்கத்தில் எழுந்திருக்கப் போனவள் எழவில்லை. அப்படியே திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன்.

பாவா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணும் ஜன்னலில்தான் இருந்தது. விளக்கைப் பார்த்ததும் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தார். உதட்டை இறுக்கி மூடினார். தோள்துண்டின் முனையை எடுத்து மூக்கின்மேல் வைத்துக்கொண்டார். இழுத்த காற்றை விடாமல், நான் தட்டை எடுப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் நான் எப்போதும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பவள். ஒரு நாள்கூட இதைப் பார்த்ததில்லை.

"நான் ஏத்தல பாவா" என்றேன். "மூச்ச வுடு."

அவர் மாட்டிக்கொண்ட மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு, நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி உதட்டைக் குவித்து மெதுவாக விட்டார். நீளமாக வந்தது அந்த மூச்சு.

பக்கத்தில் போய் உட்கார்ந்து எத்தனை நாளாக என்று கேட்டேன். போன வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து என்றார். முடிந்த மட்டும் அடக்குவாராம். முடியாதபோது துண்டுக்குள் துளித்துளியாக விட்டு இழுப்பாராம். நான் கண் திறப்பதற்குள் துண்டைத் தோளில் போட்டுக்கொள்வாராம். ஏன் சொல்லவில்லை, டாக்டர் கேட்டபோது பக்கத்தில்தானே இருந்தாய் என்று அழுதுகொண்டே கத்தினேன்.

பேசுவதற்குக் காற்றுச் சேர்த்துக்கொள்ள வேண்டும் அவருக்கு.

"காலைல எழுந்ததுலருந்து பயந்துகினே கீற. யார்னா ஒருத்தர்கிட்ட சண்ட போட்டுகினே கீற. கண்ண மூடிகினு நிக்கிற அந்த ஒரு நிமிசம்தான் உன் மூஞ்சில பயம் இருக்காது. அத நான் எப்டி கெடுக்கிறது?"

நான் அழுகையை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனுஷனை நான் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒன்று செய்தேன். எனக்கு என் வேண்டுதல் எவ்வளவு நேரம் என்று நன்றாகத் தெரியும், தினமும் சொல்வதுதானே. மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு மனசுக்குள் அதை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் காது அடைத்தது. நெஞ்சு உதைத்தது. முக்கால்வாசிகூட வரவில்லை, வாயைத் திறந்துவிட்டேன். தூசு படாத, பீடி தொடாத முழு நுரையீரலை வைத்துக்கொண்டு என்னால் ஒரு தடவை முடியவில்லை. இவர் கிழிந்த நுரையீரலை வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு வருஷமாக, தினமும், என் பின்னால் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார். மலையிலிருந்து அந்தப் புகைக் கடலைப் பார்த்தபோது எப்படி நின்றேனோ அப்படித்தான் அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு பெரியதை வீட்டில் வைத்துக்கொண்டு நான் எங்கெல்லாமோ போய்க் கை கூப்பியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் மழை விட்டது. எதிர்வீட்டுக்குப் போனேன். நர்ஸ் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். உனக்குத் தெரிந்துதானே தாளை மேலே வைத்துவிட்டுப் போனாய், வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"எல்லாத்தயும் சொல்லுவேங்க்கா. அது மட்டும் என் வாயிலருந்து வரக்கூடாது" என்றாள். "நான் ஜெபம் பண்றவ. மலைக்குக் கற்பூரம் காட்டாதீங்கன்னு நான் சொன்னா, அது வேற பேச்சாப் போயிடும். உங்களுக்கே தானா தெரியணும்னு காத்துகினு இருந்தேன்."

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தத் தாள்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறாள். வீட்டுக்குள் போய் எங்களுக்காக முழங்காலில் நின்றிருக்கிறாள். மழைக்காகவும் வேண்டினாயா என்று கேட்டேன். சிரித்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

அவள் சொன்னபடிதான் அதற்குப் பிறகு நடந்தோம். துணியையெல்லாம் உருவினேன். காலையில் புகைமூட்டம் கலையும் வரை ஜன்னல் சாத்தியிருக்கும், வெயில் ஏறினால் எல்லாம் திறக்கும், யாராவது கொளுத்தினால் மறுபடி சாத்துவோம். வீட்டுக்குள் நெருப்பு என்றால் கேஸ் அடுப்பு ஒன்றுதான், அதையும் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, பின்ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் பற்றவைப்பேன். கற்பூரமும் சாம்பிராணியும் மலைக்குப் போகும்போது மட்டும், அங்கே. ஏழு மணி எண் தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று மூன்று என்று நின்றது.

டீக்கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை, வார்த்தை தடுக்கியது. அவர் தம்ளரைக் கழுவிக்கொண்டே, பரவாயில்லைம்மா, அடுப்பு புகையிறது நிஜந்தானே என்றார். பொங்கலுக்கு முன்னால் கேஸ் அடுப்பு மாற்றிவிட்டார். கரும்புக்காரர் அப்படி மாறவில்லை, சோகையை இன்னும் கொளுத்துகிறார். ஆனால் முந்தின நாளே போன் பண்ணுவார். நாளைக்கு மத்தியானம் கொளுத்தப்போறேன், அண்ணனை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள் என்பார். அவர் மீது எழுதிய மனுவை நான் வாபஸ் வாங்கவில்லை, அதுவும் அவருக்குத் தெரியும். போகி அன்றைக்கு எங்கள் தெருவில் பழைய பாயும் கூடையும் எரியவில்லை. நான் யாரிடமும் கேட்கவில்லை, டீக்கடைக்காரர் கேட்டாராம்.

மார்கழியில் ஒரு தடவை சளி பிடித்து, மாத்திரையோடு வீட்டிலேயே சரியானது. தை கழிந்தது. ஆஸ்பத்திரி வாசலை மிதித்தது ஒரே ஒரு நாள்தான், மாசியில் மறுபடி காட்டுவதற்காக. பாவா முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு தன் காலால் நடந்து உள்ளே வந்தார். டாக்டர் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டார். விறகடுப்பு, கொசுவத்தி, பீடி. வேறு ஏதாவது புகை?

"இருந்திச்சிங்க" என்றேன். "நான்தான் ஏத்திகினு இருந்தேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பாவா முழங்காலைத் தடவுவதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு பேர் இருக்கிற இடத்தில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. மலையில் விளக்கு எரிந்தது. நான் கட்டிலோரம் உட்கார்ந்து, அவர் கழுத்தடிக் குழி விழுந்து எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி, சாமி கும்பிடலியா?" என்றார்.

"கும்பிட்டுகினுதான் கீறேன். நீ ஊது."

அவர் உதட்டைக் குவித்து மெதுவாக ஊதினார். நான் கண்ணை மூடவில்லை.